மூளையில்லாத கப்பல்

"இந்த மஞ்சள் கப்பலுக்கு மூளை வெச்சது யாரு?" என்று திரையைத் தட்டிக் கேட்டார் மேனேஜர் அம்மா. மறுநாள் வெளியாக வேண்டிய விண்வெளிச் சண்டை விளையாட்டு பிரவுசரில் ஓடிக்கொண்டிருந்தது.

விளையாட்டை வடிவமைத்தவன் திரையை எட்டிப் பார்த்தான்.

"தன் டீம் கப்பலையே சுடுது. எதிரி வந்தா ஓடிப்போய் பாறையில முட்டிக்குது. கம்ப்யூட்டர் ஓட்டுற கப்பலுக்கு இவ்வளவு மடத்தனம் ஆகாது. தூக்கிடு."

"தூக்க முடியாது மேடம்."

"ஏன், உன் மாமனார் கப்பலா?"

"கம்ப்யூட்டர் ஓட்டுற கப்பலே நாம இன்னும் போடலை மேடம். அது நம்ம முதலாளி. அவர் ரூம்ல இருந்து ஆடிட்டிருக்கார்."

மேனேஜர் முதலாளி அறையின் கண்ணாடிக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சண்டை விதியை மாத்து," என்றார். "பாறையில முட்டினா பத்து பாயின்ட்."