ரேடியோவோடு ஒரு ஓட்டம்

“அக்கா, பூனைக்கு வாய் நாறினா என்னக்கா பண்றது?”

ஓடிக்கொண்டிருந்த தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டக் குழுவில் மற்றவர்கள் எல்லாம் பூங்காவின் அடுத்த வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் பூனையின் வாயில் மாட்டிக்கொண்டாள்.

“எனக்... கென்ன... தெரியும்...”

“காதுல விழலக்கா. கொஞ்சம் நிதானமா சொல்லுங்க.”

நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கால்களும் நிதானத்துக்கு வந்துவிட்டன.

அடுத்த தெருவில் குடியிருக்கும் அந்தப் பெண் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து இதே தொல்லைதான். ரேடியோ என்று அவளுக்குப் பெயர் வைத்ததே தையலக்காதான். அந்த ரேடியோவுக்கும் ஒலிபரப்ப வேறு காதே கிடைக்கவில்லை.

தையலக்காவின் அவசரம் அவளுக்குத்தானே தெரியும்! போன வருஷம் ஊரின் பெரிய ஓட்டப் போட்டியில் பாதி வழியிலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்ணென்று தெறித்ததில் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டக் காத்திருந்த மகள் முன்னால் வேனிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினாள். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

“இன்னொரு தடவை எலும்புல விரிசல் விட்டா, ஓட்டத்துக்கு முழுக்குத்தான்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தப்பு அவள் மேலும்தான். தையல் கடையில் வேலை நெருக்கினால் வாரம் முழுக்க ஓடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஓடித் தீர்ப்பாள். தையல் மிஷினை மிதிக்கிற மாதிரியே தரையையும் தொம் தொம்மென்று மிதிப்பாள்.

“மெதுவா ஓடும்மா. உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளு” என்பார் கோச்.

யாராவது ‘மெதுவா’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு நாலுகால் பாய்ச்சல்தான். சுவரிடம் சொன்னாலும் பலன் உண்டு என்று கோச்சும் விட்டுவிட்டார்.

ஒருநாள் இவர்களைத் தாண்டிப் போன ஒருவர், “என்ன தையலக்கா, இன்னைக்கும் நீங்கதான் கடைசி வண்டியா?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவ்வளவுதான். கோபமெல்லாம் ரேடியோ மேல் திரும்பியது.

“நீ வேணும்னேதான் பண்றே. உன்னை முந்திடுவேன்னு பொறாமை! இனிமே வாயைத் திறந்தே, நானே தையல் போட்டு விட்டுடுவேன், ஆமா!”

ரேடியோவின் முகம் சுருங்கிவிட்டது. “சரிக்கா” என்றாள். அன்றைக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

சனியன் விட்டது என்று தையலக்கா நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் மெல்லிசாக ஒரு குரல்.

“அக்கா... எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒருத்தர், அவசரத்துல பொண்டாட்டி செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டாராம். சாயங்காலம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.”

கோபமாக இருக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறவள் எங்கே வேகமாக ஓடுவது?

இந்த வருஷப் போட்டி நாளும் வந்தது.

ஆரம்பத்தில் எல்லாரும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாகப் பறந்தார்கள். தையலக்காவின் காலும் துடித்தது. ஆனால் பக்கத்தில் ரேடியோ, சட்டைக் காலர் ஏன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது என்று கேட்டுத் தொலைத்தாள். தொழில் விஷயம். சொல்லாமல் விட முடியுமா?

காலரிலிருந்து பொத்தானுக்கு வந்து, பொத்தானிலிருந்து கைமடிப்புக்கு வந்தபோது பாதி வழி தாண்டியிருந்தது. பறந்தவர்களில் சிலர் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தையலக்கா வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவே இல்லை.

கடைசித் திருப்பத்தில் ரேடியோ சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

“இனி போங்கக்கா!”

தையலக்கா போனாள். காலில் சேர்த்துவைத்திருந்த பலமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

“அம்மா! நீயே ஓடி வந்துட்டியா!” என்று மகள் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே ரேடியோவும் வந்து சேர்ந்தாள். அவள் கணவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். தையலக்காவுக்குச் சந்தோஷத்தில் கேலி பொங்கியது.

“ஏங்க, இந்த ரேடியோவை வீட்டுல எப்படித்தான் சமாளிக்கிறீங்க? காது வலிக்குமே!”

“ரேடியோவா? யாரு, இவளா?” அவர் முழித்தார். “இவ வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாப்புல கேக்க எங்கம்மாவுக்கு ஒரு வருஷம் ஆச்சுங்க.”

“சும்மா இருங்க” என்று ரேடியோ அவர் கையைக் கிள்ளினாள். முகம் சிவந்து குனிந்துகொண்டாள்.

அவர் விடவில்லை.

“பேசிக்கிட்டே ஓட முடிஞ்சா அது உடம்பு தாங்குற வேகமாம். மூச்சு முட்டினா காலுக்கு ஆபத்தாம். மெதுவா ஓடுன்னு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களாமே! அதுக்காக தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்தா என் உயிரை வாங்குறா. ‘ஏங்க, நாளைக்கு அக்காகிட்ட பேச ஏதாவது சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க’ன்னு...”

தையலக்கா திரும்பி ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கைகூப்பினார்.

“அடுத்த வருஷமாவது நீங்களே மெதுவா ஓடிடுங்கக்கா. என்கிட்ட கதையெல்லாம் தீர்ந்துபோச்சு!”