விரிசல் பார்ப்பவன்

விருத்தாசலம் நூலகத்து மாடியில் வாசகர் வட்டம் நடக்கிறது. மனைவி வெண்மதியை அழைத்துப்போக வந்த ரத்தினவேல் கடைசி வரிசையில் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறான். பீங்கான் பட்டறையில் விரிசல் பார்க்கிற வேலை அவனுக்கு. கோப்பையை நகத்தால் தட்டிக் காது கொடுப்பது இங்கேயும் தன்னால் நடக்கிறது. சன்னல் வெயிலில் நின்று வெண்மதி ஒரு பழைய நாவலின் கணவனைப் பற்றிப் பேசுகிறாள். முன்வரிசையில் பேங்க் அச்சுதன் எதற்கு இப்படித் தலையாட்டுகிறான்? அவள் சிரித்தது அவனைப் பார்த்தா, புத்தகத்தைப் பார்த்தா? டங். “அவன் பொண்டாட்டி தப்பு பண்ணதா கதையில ஒரு வரிகூட இல்லீங்க. இவன்தான் எங்க போன, யாரு இருந்தாங்க, ஏன் லேட்டுன்னு தெனம் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்கிறாள் வெண்மதி. காலையில் ரத்தினவேல் அவளிடம் கேட்டதும் இதே கேள்விகளை, இதே வரிசையில்தான். காது சூடேறுகிறது. டங். “கடைசியில அந்தப் பொண்ணு என்ன ஆவுறா?” என்கிறார் வைதேஹி டீச்சர். “அதே வூட்லதான் இருக்குறா டீச்சர். கேட்டா பதில் சொல்றா. தானா பேசறத மட்டும் விட்டுட்டா. அவனுக்கு அது இன்னும் தெரியல.” வெண்மதி இப்போதுதான் கடைசி வரிசையைப் பார்க்கிறாள். தட்டப்போன விரல் கோப்பைக்கு மேலேயே நிற்கிறது. வீட்டில் அவள் தானாகப் பேசியது கடைசியாக எப்போது என்று ரத்தினவேலுக்கு நினைவு வரவில்லை.