ஒழுகும் தொட்டி

"ஒழுகறது நின்னதும் நான் கோயமுத்தூர் கெளம்பறேன் கண்ணு. உங்கத்தை போனதுல இருந்து வீடு பூட்டியே கெடக்குது," என்றார் அச்சுதன்.

பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் மருமகள் வைஜயந்தி வாங்கிய மீன்தொட்டியின் இடுக்குகளில் சிலிக்கான் பசை பூசி, துருப்பிடித்த ஸ்டாண்டுக்குப் பெயிண்டும் அடித்திருந்தார். ஆனாலும் மூன்று நாளாக, இரவு பேனாவால் போட்ட கோட்டுக்குக் காலையில் விரலளவு கீழே இருந்தது தண்ணீர்.

ஸ்டாண்டுக்கு அடியில் ஈரமே இல்லை. தரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டில் சொட்டினால் காலி பண்ணச் சொல்வார்களே! வைஜயந்தி தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நாலாம் நாள் விடியுமுன் பார்க்க வந்தவள், கதவோரமே நின்றுவிட்டாள். மாமனார் தொட்டியிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு, சத்தமில்லாமல் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

காபி வாங்கும்போது கேட்டார்: "இன்னிக்கும் கொறஞ்சிருக்கா கண்ணு?"

"ஆமாங்க மாமா. ஜூனா பஜார்ல இன்னும் ரெண்டு பழைய தொட்டி பார்த்து வெச்சிருக்கேன். அதையும் நீங்கதான் சரி பண்ணித் தரணும்."