நீலவேணியைத் திட்ட ஆளில்லை

மத்தியான சீரியலில் பல வருடம் நான்தான் வில்லி நீலவேணி. காய்கறிக் கடைக்குப் போனால் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "பாவி, அந்தப் பொண்ணுக்கு ஏண்டி விஷம் வச்சே?" என்று கத்துவார்கள். திட்டிய வாயாலேயே, "நாளைக்கு என்ன ஆகும், சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். சுகந்தி என்பவள் என் மேல் தக்காளியே எறிந்தாள்.

இப்போது அந்தந்த வீட்டு டிவியே ஏ.ஐ.யை வைத்து அந்தந்த வீட்டுக்கென்று தனி சீரியல் தயாரித்துவிடுகிறது. என்னைத் திட்ட நாதியில்லை.

இன்று அதே கடையில் சுகந்தியைப் பார்த்தேன்.

"உன் சீரியல்ல யாரு வில்லி?"

"என் நாத்தனார் பிரபாதான்க்கா. அதே மூஞ்சி, அதே குரல். டிவியே அப்படிப் பண்ணிடுது. நேத்து எபிசோடுல எனக்குப் பால்ல விஷம் கலக்குறா!"

"நிஜ பிரபா எப்படி இருக்கா?"

"பொங்கலுக்கு வந்தா. வாசலோட அனுப்பிட்டேன். அவளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துட்டு, வீட்டுக்குப் போய் அவளோட உட்கார்ந்து காபி குடிச்சியேடி! அதுக்குத்தானே நான் இருந்தேன்?"

கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"எறி. என் மேல எறிஞ்சிட்டு, பிரபாவுக்குப் போன் போடு."