இனித்த மாத்திரை

“பாய், என் மக மாத்திரையை யாருக்கு வித்தீங்க?”

கம்பவுண்டர் வீட்டு வாசலில் நின்றே கத்தினார் சேனாதிபதி வாத்தியார். கொடைக்கானல் கடைவீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது.

கம்பவுண்டர் நசுருதீன் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரை திருடியதாக அன்று காலையில்தான் வெள்ளைக்கார துரை டாக்டர் அவரை வேலையை விட்டே விரட்டியிருந்தார்.

“உள்ள வாங்க சார். வீதியில வேணாம்.”

வாத்தியாரின் மகள் லீலாவுக்கு எட்டு வயது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். அதற்கு டாக்டர் ஒரு சீமை மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பிறகு பழையபடி ஆட்டம்தான்.

சந்தேகப்பட்டு நேற்று ஒரு மாத்திரையைக் கடித்துப் பார்த்தார் வாத்தியார். இனித்தது. வெறும் மாவும் சர்க்கரையும்.

“சொல்லுங்க. நெச மாத்திரை எங்க?”

“ஓடையில கொட்டிட்டேங்க.”

“கொட்டிட்டீங்களா! அடுத்த மாசம் கான்வென்ட்டுல சேரப் பரீட்சை. எம்மக வாழ்க்கையில வெளையாடுறீங்களே!”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை டீ டம்ளரை நீட்டியது. நடுங்கியதில் பாதி தரையில் சிந்தியது.

“டீ குடிங்க.” சன்னமான குரல்.

நசுருதீன் வாங்கி வைத்தார். “எம்மக ரஹ்மத்துன்னிசா. பதினஞ்சு வயசு.”

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் மறுபடி அதே கை. இன்னொரு டம்ளர்.

“டீ குடிங்க.”

“குடுத்துட்டேம்மா. போயி உக்காரு.”

மூன்றாவதாக வந்த டம்ளரில் டீயே இல்லை.

வாத்தியாரின் குரல் இறங்கியது. “என்ன பாய் இது?”

“அஞ்சு வயசுல இவளும் லீலா மாதிரிதாங்க. ஒரே ஓட்டம். அந்த மாத்திரை வந்த புதுசு. துரை சொன்னாருன்னு ஏழு வருசம் என் கையாலயே குடுத்தேன். வகுப்புல இவதான் மொத ஆளு. அப்புறம் கை நடுக்கம் வந்துச்சு. தூக்கம் போச்சு. இப்பச் செஞ்சது இப்ப நெனப்புல நிக்கல. மாத்திரையாலதானான்னு எனக்குத் தெரியாது. துரை இல்லவே இல்லேங்கிறாரு. ஆனா இன்னொரு புள்ளைக்கு எடுத்துக் குடுக்க எனக்குக் கை வரலைங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“துரை பேச்சை விட்டுட்டு கம்பவுண்டர் பேச்சைக் கேட்டிருப்பீங்களா?”

வாத்தியார் கண் கலங்க நசுருதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு வெள்ளனே போயி உங்களுக்காக நானே துரைகிட்டப் பேசுறேன் பாய். நீங்க செஞ்சது திருட்டில்ல. எங்க குடும்பத்துக்குச் செஞ்ச பெரிய உபகாரம்.”

படியிறங்கியவர் நின்றார். திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“பாய்... பரீட்சை முடியுற வரைக்கும் மட்டும் அந்த நெச மாத்திரையக் குடுத்தா, ஒண்ணும் ஆயிடாதில்ல?”