வாசல் குரோட்டன்ஸ்

வீட்டில் யாருக்காவது தொற்றுக் காய்ச்சல் வந்தால் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் செடி மஞ்சளாகிவிடும். அதிகாரிகள் வந்து, காய்ச்சல் கண்டவரை, கைப்பிள்ளையானாலும், தனியாக முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அன்று காலை தமயந்தியின் செடி மஞ்சளாகியிருந்தது. உள்ளே அவள் மகள் அனலாய்க் கொதித்தாள். தமயந்தி கத்தரியை எடுத்து ஓர் இலை விடாமல் வெட்டித் தள்ளினாள். நிமிர்ந்தபோது எதிர்வீட்டு ரெஜினா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியம் அதிகாரி கதவைத் தட்டினார். "செடியில இலையெல்லாம் எங்கம்மா?"

"கவாத்து பண்ணேன் சார்."

"இன்னைக்குத்தானா?"



"எல்லாரும்தான் சார் பண்ணோம்" என்றாள் ரெஜினா, தெருவிலிருந்து.

அதிகாரி திரும்பினார். தமயந்தியும் அப்போதுதான் பார்த்தாள். தெருக்கோடி வரை ஒரு செடியிலும் இலை இல்லை.