முதல் கடை வடிகால்

"யாரைக் கேட்டுடி என் கடை வடிகாலை அடைச்ச?"

மீன் வெட்டும் கத்தியோடு எழுந்து நின்றாள் முதல் கடைக்காரி. சந்தையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பில் இருந்த இளம் இன்ஜினியர் ஓர் அங்குலமும் நகரவில்லை.

"குடலைக் கூடையில போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீங்க வடிகால்ல தள்ளுறீங்க. ரத்தத் தண்ணியை என் தொட்டியில இருக்கிற நுண்ணுயிர் தின்னுடும். குடலைத் தின்னாது, குழாய்தான் அடைக்கும். இன்னைக்குச் சோதனையில தண்ணி நாறினா மொத்தச் சந்தைக்கும் பூட்டு!"

"படிச்ச திமிரு! இவளைப் பெத்த வயித்துல பிரண்டையை வச்சுக் கட்ட!"

சந்தைத் தலைவர் இன்ஜினியரைத் தனியே இழுத்தார். "எல்லாருந்தான் தள்ளுறாங்க. போயும் போயும் இவங்க கடையிலதானா கை வைக்கணும்?"

"இங்கதான் தொடங்கணும்" என்றாள் அவள், சந்தைக்கே கேட்கும்படி.

அதைக் கேட்டதும் மற்ற கடைகளின் குடலெல்லாம் அவசர அவசரமாகக் கூடைக்குள் குதித்தன.

மாலையில் வந்த அதிகாரி, வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார். பளிங்குபோல் இருந்தது. முகர்ந்து பார்த்தார். "சந்தை திறந்தே இருக்கட்டும்" என்றார். விசில் கூரையைப் பிளந்தது.

"கத்திக்கு முன்னாடியே நின்னீங்களாமே, பயமா இல்லையா?" என்று இன்ஜினியரைக் கேட்டார் அதிகாரி.

"இப்பதான் சார் பயம். வீட்டுக்குப் போனா இவங்கதான் கதவைத் திறக்கணும். எங்கம்மா."

"தொறக்க மாட்டேன், போடி!" என்ற முதல் கடைக்காரிக்கு முகமெல்லாம் பல். சட்டென்று பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், குடலைக் கூடையில போடு! தாயையே விடல, உன்னையா விடப்போறா?"